டிஃப் லாக் போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது: கோளாறா, அப்படித்தான் இருக்குமா?

கூடலூர்_மழை

வணக்கம். கூடலூருக்கு உள்ளே எங்களுக்குக் கொஞ்சம் மிளகும் காப்பியும் போட்ட நிலம் இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து வீடு வரை ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் பாதை, கடைசி 200 மீட்டர் நல்ல ஏற்றம். ஜூன் பிறந்துவிட்டால் அந்த ஏற்றத்தில் செருப்புப் போட்டு நடக்க முடியாது. போன வருடம் பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்று வாங்கினோம். பின் ஆக்சிலுக்கு மட்டும் பட்டன் அழுத்திப் போடும் டிஃப் லாக், அதாவது இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாகக் கட்டும் பூட்டு, உண்டு.

ஃபோர் லோவில் (நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும் மெது கியரில்) போட்டு லாக் பட்டனை அழுத்தினால் வண்டி திணறாமல் ஏறுகிறது. ஆனால் லாக் விழுந்த அடுத்த நொடி மஞ்சள் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் கட்டிக்கொள்ளாமல் தடுப்பது) விளக்கும், வழுக்கும் கார் படம் போட்ட விளக்கும் சேர்ந்து எரிகின்றன. மேலே போய் லாக்கை எடுத்தாலும் சில நாள் உடனே அணைவதில்லை, வாசல் வரை எரிந்துகொண்டே வரும். காட்டப் போன இடத்தில் ஸ்கேனர்கூடப் போடவில்லை. "பின் வீல் சென்சார் ரெண்டும் போயிருக்கு, மாத்தணும்" என்று 18,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று. போன வாரம் சித்தப்பா மூட்டை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கியவர், லாக்கை எடுக்காமலேயே தார் ரோட்டுக்கு வந்துவிட்டார். மழை விட்டு ரோடு ஈரம். முதல் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே போயிருக்கிறது, பதறிப்போய் பிரேக்கை மிதித்ததும் டயர் கட்டிக்கொண்டு வழுக்கி, ஓடைத் திண்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. 25 கி.மீ. வேகம்கூட இருந்திருக்காது. ஏபிஎஸ் வேலையே செய்யவில்லை என்கிறார். சென்சார் போனதால் ஏபிஎஸ் இல்லையா, லாக் போட்டதால் இல்லையா? இரண்டில் எது என்று தெரியாமல் அந்த வண்டியைக் கொடுக்கவே பயமாக இருக்கிறது.

பிரேக்_பட்டறை

தம்பி, முதலில் அந்த 18,000 ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கோவையில் 26 வருடமாக பிரேக் வேலைதான் பார்க்கிறேன், ஏபிஎஸ் வந்த பிறகு அதுவும். லாக் போட்டால் எரிகிறது, எடுத்தால் அணைகிறது என்றால் சென்சார் நன்றாக இருக்கிறது. சென்சார் போயிருந்தால் விளக்கு உங்கள் பட்டனுக்காகக் காத்திருக்காது, காலையில் வண்டி நகர்ந்த கொஞ்ச தூரத்திலேயே எரியும், நாள் முழுக்க எரியும். உங்கள் வண்டியில் லாக் விழுந்ததும் ஏபிஎஸ் பெட்டி தானாகவே ஒதுங்கிக்கொள்கிறது. ஒதுங்கிவிட்டேன் என்று சொல்லத்தான் விளக்கு. டொயோட்டாவின் பல வண்டிகளின் கையேட்டில் இது எழுதியே இருக்கிறது: பின் டிஃப் லாக் போட்டிருக்கும்போது ஏபிஎஸ், விஎஸ்சி (வண்டி வழுக்கித் தடம் மாறாமல் பார்க்கும் இஎஸ்பிக்கு டொயோட்டா வைத்த பெயர்) இரண்டும் வேலை செய்யாது, விளக்கு எரிவது இயல்பு என்று.

ஏன் ஒதுங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சித்தப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஏபிஎஸ் பெட்டி உலகத்தைப் பார்ப்பது வீல் சென்சார் வழியாக. எந்தச் சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், கீழே சேறா தாரா என்பது தெரியாது. நாலு சக்கரத்தில் ஒன்று திடீரென்று மற்றதைவிடக் குறைந்தால், "இது கட்டிக்கொள்ளப் போகிறது" என்று அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை மட்டும் விட்டுப் பிடிக்கும். நொடிக்குப் பல தடவை. இதற்கு ஒரு சக்கரம் இன்னொன்றைச் சாராமல் சுற்ற வேண்டும். லாக் போடாத, அதாவது திறந்த டிஃபரன்ஷியலில் (ஆக்சில் நடுவில் இருந்து இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) அப்படித்தான் சுற்றுகிறது. லாக் போட்டால் இரண்டு பின் சக்கரமும் ஒரே உலக்கையின் இரண்டு முனை மாதிரி. இடது சக்கரம் சேற்றில், வலது சக்கரம் கல்லில் நின்றாலும் இரண்டும் ஒரே வேகத்தைத்தான் காட்டும். இடதுக்குப் பிடிப்பு இல்லை என்ற செய்தியே பெட்டிக்குப் போய்ச் சேராது.

அடுத்தது இஎஸ்பி. வண்டி பின்பக்கம் வழுக்கித் திரும்பினால் வெளிப்பக்க முன் சக்கரத்தைப் பிடிக்கும், திரும்ப மறுத்து நேராகப் போனால் உள்பக்கப் பின் சக்கரத்தைப் பிடித்து வண்டியை வளைவுக்குள் இழுக்கும். சித்தப்பாவுக்கு நடந்தது இந்த இரண்டாவது. லாக் போட்ட ஆக்சிலில் உள்பக்கப் பின் சக்கரத்தைப் பிடித்தால் என்ன ஆகும்? அந்தப் பிடி அப்படியே ஷாஃப்ட் வழியாக வெளிப்பக்கச் சக்கரத்துக்கும் போய்விடும். வண்டியைத் திருப்பும் விசை பெருமளவு வீணாகிவிடும், வேகம்தான் குறையும். நினைத்தது ஒன்று நடப்பது ஒன்று என்று ஆவதால்தான் வடிவமைத்தவர்கள் அதை நிறுத்தி வைக்கிறார்கள்.

வண்டி ஏன் நேராகப் போனது என்றால், வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. இரண்டையும் கட்டிப்போட்டால் இரண்டும் சேர்ந்து வண்டியை நேராகவே தள்ளும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும், தாரில் வழுக்காது. அதோடு ஃபோர் லோ, அதாவது முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. ஈர ரோட்டில் அது போதும்.

விளக்கு தாமதமாக அணைவது: பட்டனை எடுத்ததும் உள்ளே இருக்கும் பல் உடனே விலகாது. ஆக்சில் முறுக்கேறி நின்றால் பல் இறுகிப் பிடித்திருக்கும். வண்டியை இரண்டடி பின்னால் எடுங்கள், அல்லது மெதுவாக நகர்த்தி ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். முறுக்கு விட்டதும் பல் விலகும், விளக்கும் அணையும். அதற்குப் பிறகும் அணையவில்லை என்றால் மட்டும் லாக் இருக்கும் நிலையைச் சொல்லும் சுவிட்சைப் பாருங்கள். அது ஹவுசிங்கின் மேலேயே இருக்கும், சேறு தங்கும் இடம்.

பல்சக்கரம்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன் (கல்லூரியில் இயந்திரவியல் சொல்லிக்கொடுக்கிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்த பாடம்).

ஏபிஎஸ்ஸுக்கு இன்னொரு சிக்கல் எடை. அழுத்தத்தை விட்டதும் சக்கரம் கண்மூடித் திறப்பதற்குள் பழைய வேகத்துக்கு வந்துவிடும் என்று நம்பித்தான் அது கணக்குப் போடுகிறது. ஃபோர் லோவில், கியர் விழுந்த நிலையில், சக்கரத்தோடு எஞ்சினும் கோத்துக் கிடக்கிறது. கியர் விகிதம் முதல் கியரில் 4, லோவில் 2.5, ஆக்சிலின் கிரவுனில் 4 என்று வைத்துக்கொண்டால் பெருக்கிப் பார்க்க 40. எஞ்சினின் சுழல் நிலைமம் (சுற்றும் வேகம் மாறுவதை எதிர்க்கும் குணம்) சக்கரத்திலிருந்து பார்க்கும்போது 40 மடங்காகத் தெரியாது, அதன் வர்க்கமாக 1,600 மடங்காகத் தெரியும். சக்கரம் தன் இஷ்டத்துக்குச் சட்டென்று எழும்பாது. பெட்டி அழுத்தத்தை விட்டுக் காத்திருக்கும், சக்கரம் இன்னும் வரவில்லை என்று மேலும் விடும், அந்த நேரமெல்லாம் வண்டி பிரேக் இல்லாமல் ஓடும்.

வண்டியின் உண்மையான வேகமும் அதற்குத் தெரியாது, நாலு சக்கரத்திலிருந்து ஊகிக்கிறது. நாலும் ஒன்றோடொன்று கட்டியிருந்தால் நாலும் சேர்ந்தே குறையும், "வண்டியே நின்றுவிட்டது" என்று ஏமாந்துபோகும். அதனால்தான் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளின் ஏபிஎஸ்ஸில் வேகக்குறைப்பை நேரடியாக அளக்கும் ஜி சென்சாரும் சேர்த்து வைக்கிறார்கள்.

இது நேற்று வந்த தலைவலியும் இல்லை. 1980களின் ஆடி குவாட்ரோவில் நடு லாக்கும் (முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் சேர்த்துக் கட்டுவது) பின் லாக்கும் ஓட்டுநர் போடுவது. அந்த வண்டிக்கு ஏபிஎஸ் வந்தபோது, பின் லாக்கைப் போட்டால் ஏபிஎஸ் தானாக அணையும்படிதான் வைத்தார்கள். பிறகு நடுவில் டோர்சன் டிஃபரன்ஷியலுக்கு மாறினார்கள். அது இழுவை வேண்டும்போது மட்டும் இறுகும், பிரேக் பிடிக்கும்போது முன் பின் சக்கரங்களைத் தனித்தனியாகச் சுற்ற விடும், ஏபிஎஸ்ஸை அணைக்க வேண்டியதில்லை. பென்ஸ் ஜி வேகனின் பழைய தலைமுறையிலும் நடு லாக்கைப் போட்டால் ஏபிஎஸ் போய்விடும். இத்தனை விலை வண்டியிலும் அதே கதைதான்.

செங்கை_ஏரிக்கரை

எனக்கு நேர் எதிரான பிரச்சினை. என் வண்டியில் எம்எல்டி, அதாவது தானாக விழும் லாக். பட்டனும் இல்லை லீவரும் இல்லை. வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது, அது விழுந்து நான் பார்த்ததே இல்லை. போன மாதம் ஏரிக்குள் வண்டலில் பின் இடது சக்கரம் புதைந்தது. பதமாகத்தான் ஆக்சிலேட்டர் கொடுத்தேன், சக்கரம் மெதுவாகச் சுற்றியது, அடியில் கிர்ர் கிர்ர் என்று ஏதோ சத்தம், எஞ்சினும் மூச்சடைத்த மாதிரி அடங்கிப்போனது. கடைசியில் பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த டிராக்டர்தான் இழுத்தது. எம்எல்டி போய்விட்டதா?

பல்சக்கரம்

போகவில்லை. விழுவதற்கு அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

எம்எல்டி என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் ஈட்டன் நிறுவனத்தின் வகை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளில் 1973லிருந்து வருகிற அதே குடும்பம். உள்ளே ஒரு சின்ன கவர்னர், அதில் இரண்டு எடைக்கட்டிகள். இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் எடைக்கட்டிகள் விரிந்து ஒரு கொக்கியில் மாட்டும், அது கேமைத் திருப்பும், கிளட்ச் தட்டுகள் இறுகி ஆக்சில் ஒன்றாகிவிடும். வண்டி மணிக்குச் சுமார் 32 கி.மீ.க்கு மேல் ஓடினால் இன்னொரு எடை குறுக்கே வந்து லாக் விழாமல் தடுத்துவிடும். விசையின் திசை மாறினால், அதாவது காலை எடுத்தாலோ பிரேக் பிடித்தாலோ, தானாக விலகிக்கொள்ளும். எல்லாம் இரும்பும் ஸ்பிரிங்கும். ஒரு ஒயர்கூடக் கிடையாது. பிரேக் பிடிக்கும்போது விலகிவிடுவதால் ஏபிஎஸ்ஸோடு இதற்குச் சண்டை இல்லை, விளக்கும் எரியாது.

சண்டை டிராக்ஷன் கண்ட்ரோலோடுதான். 255/65 ஆர் 18 டயர் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 2.48 மீட்டர். நிமிடத்துக்கு 100 சுற்று என்பது 248 மீட்டர், மணிக்குக் கிட்டத்தட்ட 15 கி.மீ. ஒரு சக்கரம் சும்மா நிற்கும்போது மற்றது 15 கி.மீ. வேகத்துக்குச் சுற்ற வேண்டும். டிராக்ஷன் கண்ட்ரோல் அதுவரை பொறுத்திருக்குமா? சுற்றும் சக்கரத்தைப் பாதி வழியிலேயே பிரேக்கால் பிடித்துவிடும், எஞ்சினையும் அடக்கும். நீங்கள் கேட்ட கிர்ர் சத்தம் அப்படி பிரேக்கைப் பிடிக்கும் பம்புதான். 100 சுற்று வித்தியாசம் வரவே விடாமல் அது தடுக்கிறது, வந்தால்தான் விழுவேன் என்று லாக் காத்திருக்கிறது. நடுவில் வண்டி புதைகிறது.

அடுத்த தடவை, டிராக்ஷன் கண்ட்ரோலையும் அணைக்கும் இஎஸ்பி பட்டனை, வெறுமனே தொட்டு எடுக்காமல், ஆஃப் விளக்கு நிலையாக எரியும் வரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தெம்பாகக் கொடுத்து நிலையாகப் பிடியுங்கள். விட்டு விட்டுக் கொடுத்தால் கொக்கி மாட்டுவதும் கழல்வதுமாக இருக்கும்.

பிரேக்_பட்டறை

பேராசிரியர் சொன்னது சரி, ஒரே ஒரு எச்சரிக்கை. தெம்பாக என்றால் மிதித்துத் தள்ளுவது இல்லை. சக்கரம் வெறி பிடித்துச் சுற்றும்போது லாக் விழுந்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் நின்றுகொண்டிருந்த பக்கத்து ஆக்சில் ஷாஃப்டுக்குப் போகும். அப்படி முறிந்த ஷாஃப்ட் என் பட்டறையில் இரண்டு கிடக்கின்றன, முறிந்த இடம் கரும்பை முறுக்கி ஒடித்த மாதிரி நார் நாராக இருக்கும். 100 சுற்றைத் தாண்டினால் போதும், 500 சுற்று வேண்டாம்.

ஜிம்னி_கொடை

இவ்வளவு இரும்பு எதற்கு என்பதுதான் என் கேள்வி. ஜிம்னியில் இரண்டு ஆக்சிலும் திறந்த டிஃபரன்ஷியல்தான், சுற்றும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்து மறுபக்கம் இழுவை அனுப்புகிற பிரேக் எல்எஸ்டி உண்டு. மேல்மலைக் கிராமங்களுக்கு இரண்டு மழைக்காலம் போய்வந்துவிட்டேன், ஒரு நாளும் நிற்கவில்லை. லாக் போடவும் எடுக்கவும் நினைவு வைக்க வேண்டியதில்லை, ஏபிஎஸ் போகாது, சித்தப்பாவுக்கு நடந்த மாதிரி நடக்காது. ஏபிஎஸ் இல்லாமல் 2019 ஏப்ரலுக்குப் பிறகு புதுக் காரே விற்க முடியாது என்று ஆன நாட்டில், அதை அணைத்து வைக்கிற ஒரு பாகத்தை ஏன் தாங்கிப் பிடிக்க வேண்டும்?

பல்சக்கரம்

நீங்கள் போகும் பாதைக்கு அது போதும் என்பதை ஏற்கிறேன். ஜிம்னி எடை குறைந்த வண்டி, அதுவும் பெரிய உதவி. ஆனால் இரண்டும் ஒன்று என்று சொன்னால் கணக்கு இடிக்கும்.

திறந்த டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு டார்க்தான் (சுழற்றும் விசை) கொடுக்கும், எந்தப் பக்கம் பலவீனமோ அந்த அளவு. நல்ல சக்கரத்துக்கு 1,500 நியூட்டன் மீட்டர் வேண்டும் என்றால், சேற்றில் சுற்றும் சக்கரத்திலும் பிரேக் 1,500ஐப் பிடித்து வைக்க வேண்டும். ஆக எஞ்சின் 3,000 கொடுக்க வேண்டும், பாதி பிரேக் டிஸ்கில் எரிந்துபோகும். அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றுகிறது என்றால் பிரேக்கில் வெளியாகும் வெப்பம் ஏறக்குறைய 9.4 கிலோவாட். 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி ஒன்பதை அந்த ஒரு சக்கரத்துக்குள் வைத்த மாதிரி. பத்து நொடி தாங்கும், 200 மீட்டர் ஏற்றம் முழுக்க முடியாது. அதனால் பெட்டி டிஸ்கின் சூட்டைக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் தானே விட்டுவிடும். ஏற்றத்தின் நடுவில் விட்டால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

லாக்கில் இந்த இழப்பு இல்லை. பிடிப்பு உள்ள சக்கரம் 1,500 கேட்டால் எஞ்சின் 1,500தான் கொடுக்கிறது.

இன்னொன்று, பிரேக்கால் செய்வது எப்போதும் சக்கரம் சுற்றிய பிறகுதான் தெரிந்துகொள்ளும். கல்லில் அது பரவாயில்லை. செம்மண்ணில் அந்த அரைச் சுற்று மேல் தோலை உரித்துவிடும், அடியில் சோப்பு மாதிரி வழவழப்பு வந்துவிடும். பிறகு எந்தப் பெட்டியும் ஒன்றும் செய்ய முடியாது.

கூடலூர்_மழை

அந்தக் கடைசி வரி அப்படியே எங்கள் ஏற்றம். சக்கரம் ஒரு தடவை சுற்றிவிட்டால் அந்த இடம் கண்ணாடி மாதிரி பளபளக்கும், அடுத்த வெயில் வரை அந்தத் தடத்தில் ஏற முடியாது. அப்பா தென்னை மட்டை வெட்டிப் போடுவார்.

விக்டோரியா_பிராடோ

மெல்பனிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் திருநெல்வேலி. இங்கே விக்டோரியாவின் மலைநாட்டுப் பாதைகள் மழை பெய்தால் முழுக்கக் களிமண். ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள், நான் இறக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன், எனக்கு உயிர் போய் வந்தது அங்கேதான்.

வந்த புதிதில் லாக் போட்டால் ஏபிஎஸ் போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இறக்கத்தில் லாக் போடாமல் ஏபிஎஸ்ஸை நம்பி இறங்கினேன். செங்குத்து, ஈரக் களிமண், மேலே பொடிக்கல். லேசாக பிரேக்கைத் தொட்டதும் மிதி காலுக்கு அடியில் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. ஏபிஎஸ் நாலு சக்கரத்தையும் விட்டு விட்டுப் பிடிக்கிறது, ஆனால் எதற்கும் பிடிப்பு இல்லாததால் விட்டுக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் வேகம் குறையவில்லை, கூடியது. மனைவி கைப்பிடியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துப்போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. கீழே மேடு இருந்ததால் நின்றோம்.

இப்போது அதே இறக்கத்தை ஃபோர் லோ, முதல் கியர், பின் லாக் போட்டு இறங்குகிறேன், பிரேக்கை ஏறக்குறைய தொடுவதே இல்லை. திறந்த டிஃபரன்ஷியலில் எடை குறைந்த ஒரு பின் சக்கரம் நின்றுபோனாலோ எதிர்ப்பக்கம் சுற்றினாலோ அந்த ஆக்சிலில் எஞ்சின் பிடிப்பு கைநழுவிவிடும். லாக் போட்டால் இரண்டு சக்கரமும் எஞ்சினுக்குக் கட்டுப்பட்டே உருளும். பாதை நேராக இருந்தால் மட்டும். வளைந்து இறங்கும் இடத்தில் லாக் வண்டியை நேராகத் தள்ளும் என்பதால் அங்கே போடுவதில்லை.

கையேட்டில் இன்னொன்றும் பாருங்கள். என் வண்டியில் லாக்கைப் போடும்போது வேகம் 8 கி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நான் முழுக்க நிறுத்திவிட்டுத்தான் போடுவேன்.

வன்னி_மண்

நான் கிளிநொச்சிப் பக்கம். எங்கட பழைய டபுள் கேப்பில் ஏபிஎஸ்ஸும் இல்லை ஒன்றும் இல்லை, அதனால் இந்தக் கவலை இருந்ததில்லை. இப்போது இன்னொரு வாகனம் எடுத்திருக்கிறேன், அதில் ஏபிஎஸ்ஸும் இஎஸ்பியும் உண்டு, டிஃபரன்ஷியல் திறந்தது. மாரி காலத்தில் வயலுக்குள் இறங்குவதற்காக, டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்பைடர் கியரை (சின்னப் பல்சக்கரங்களை) எடுத்துவிட்டு அதே இடத்தில் போடுகிற ஆட்டோ லாக்கரைப் பின்னுக்குப் போடலாம் என்று நினைக்கிறேன். ஏபிஎஸ் பெட்டிக்கு அது தெரியவே போவதில்லை, அதனால் பிரச்சினை வராதுதானே?

பிரேக்_பட்டறை

தெரியாமல் போவதுதான் ஐயா பிரச்சினை. பட்டனில் போடும் லாக், "நான் விழுந்துவிட்டேன், நீ ஒதுங்கு" என்று பெட்டிக்கு ஒயர் வழியாகச் சொல்கிறது. நீங்கள் போடப்போகிற லாக்கர் சொல்லாது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் இறுகும், வளைவில் வெளிச் சக்கரம் முந்தினால் டக் டக் என்று விலகும், மறுபடி இறுகும். மெயின் ரோட்டில் வளைவுக்குள் காலைக் கொடுத்து எடுக்கும்போது பின்பக்கம் ஒரு வெட்டு வெட்டும். அதை இஎஸ்பி பார்த்தால், ஸ்டியரிங் ஒரு பக்கம் சொல்கிறது வண்டி வேறு பக்கம் போகிறது என்று நினைத்து பிரேக் பிடிக்கும். நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில்.

மழை நாளில் ஈரத் தாரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி என்றால் நான் போட மாட்டேன். வயலுக்கு மட்டும் என்றால், காற்றிலோ மின்காந்தத்திலோ போட்டு எடுக்கிற லாக்கர் கொஞ்சம் விலை கூட ஆனாலும் அதைப் பாருங்கள். எடுத்துவிட்டால் திறந்த டிஃபரன்ஷியல்தான், ஏபிஎஸ் வழக்கம்போல வேலை செய்யும்.

எதைப் போட்டாலும் ஆக்சிலைக் கழற்றும்போது வீல் சென்சார் மூக்கைத் துடைத்துவிடுங்கள். காந்தம் இருப்பதால் இரும்புத் தூள் ஒட்டி தாடி மாதிரி தொங்கும். பாதி பேர் அதைத் துடைக்காமல் சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள்.

குர்கா_ஏலகிரி

குர்காவில் முன்னும் பின்னும் தனித்தனி லாக், கியர் பக்கத்திலேயே லீவர். பழகிய பிறகு இதைப்போல நிம்மதி இல்லை, கையில் பிடித்தால் போட்டிருக்கிறதா இல்லையா என்று தெரியும். முன் லாக்கை ஸ்டியரிங் நேராக இருக்கும்போது மட்டும் போடுங்கள். போட்டபின் ஸ்டியரிங் கல் மாதிரி கனக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பி ஆக்சிலேட்டரை மிதித்தால் சிவி ஜாயின்ட் (முன் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் மூட்டு) போகும்.

செங்கை_ஏரிக்கரை

நேற்று அதே ஏரிக்குப் போனேன், இந்தத் தடவை டிராக்டர்காரரை முன்னாலேயே சொல்லி வைத்துவிட்டு. அதே வண்டல், அதே பின் இடது சக்கரம். முதலில் இஎஸ்பி போட்டபடியே முயன்றேன்: கிர்ர் சத்தம், எஞ்சின் அடங்கியது, நகரவில்லை. இறங்கி வந்து பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் விளக்கு நின்ற பிறகு, மெதுவாகக் கூட்டிக்கொண்டே போய் நிலையாகப் பிடித்தேன். இரண்டு நொடி சேறு அடித்தது, பிறகு இருக்கைக்கு அடியில் டக் என்று ஒரு அடி, அவ்வளவுதான், வலது சக்கரமும் சேர்ந்து கடித்து வண்டி மேலே வந்துவிட்டது. ஒன்றரை வருடம் இந்த வண்டியில் என்ன இருந்தது என்றே தெரியாமல் ஓட்டியிருக்கிறேன். பேராசிரியருக்கும் பட்டறை அண்ணனுக்கும் மிக்க நன்றி. கரை ஏறியதும் இஎஸ்பியை மறக்காமல் போட்டுவிட்டேன்.

ஜிம்னி_கொடை

கணக்கைப் படித்தேன், ஏற்கிறேன். நீளமான ஏற்றத்தில் பிரேக்கில் ஒரு வாடை வருவதை நானும் கவனித்திருக்கிறேன், கிளட்ச் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் பலர் மாறி மாறி ஓட்டும் வண்டிக்கு என் ஓட்டு பிரேக் எல்எஸ்டிக்குத்தான். லாக்கை எடுக்க ஒருவர் மறந்தால் போதும்.

கூடலூர்_மழை

இரண்டு நாளாக மழை விட்டிருந்தது, இன்று காலை சோதித்துப் பார்த்துவிட்டேன். தோட்டத்து முற்றத்தில் ஃபோர் லோ, லாக் போட்டேன், விளக்கு இரண்டும் எரிந்தன. மெதுவாக ஒரு வட்டம் அடித்து, முறுக்கேறிய நிலையில் நிறுத்தி லாக்கை எடுத்தேன். விளக்கு அணையவில்லை, லாக் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. இரண்டடி பின்னால் எடுத்தேன், பின்னால் எங்கோ ணங் என்று ஒரு சின்னச் சத்தம், மூன்றும் ஒரே நேரத்தில் அணைந்தன. ஐந்து தடவை செய்தேன், ஐந்து தடவையும் அப்படியே. பிறகு தார் ரோட்டில் ஆள் இல்லாத நேராக ஓடும் இடத்தில், டூ வீலுக்கு மாற்றி, லாக் இல்லாமல் 30 கி.மீ. வேகத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்தேன், மிதி காலில் அடித்தது. ஏபிஎஸ் நன்றாகவே இருக்கிறது.

சித்தப்பாவை உட்காரவைத்து பட்டறை அண்ணன் எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அப்ப அந்த மஞ்ச லைட்டு எரிஞ்சா தாருக்கு எறங்கக் கூடாது, அவ்வளவுதானே?" என்றார். பாதை ரோட்டில் சேரும் இடத்தில் பழைய பால் சேகரிப்பு மேடை ஒன்று இருக்கிறது, அங்கே நிறுத்தி இரண்டடி பின்னால் எடுத்து விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகே கிளம்புவது என்று பேசிக்கொண்டோம். அடுத்த இறக்கத்துக்கு முன்னால் அந்த மேடைக்கு வெள்ளையடித்து வைக்கப் போகிறேன், இருட்டிலும் தெரியட்டும்.

பட்டறை அண்ணா, லாக் நிலையைச் சொல்லும் அந்த சுவிட்ச் ஹவுசிங்கில் எந்தப் பக்கம் இருக்கும்? சேறு கழுவும்போது அதையும் துடைத்து வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

பிரேக்_பட்டறை

வண்டிக்கு வண்டி மாறும் தம்பி. லாக்குக்குப் போகும் ஒயரைப் பிடித்துக்கொண்டே போங்கள், அது முடியும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். தண்ணீரை வேகமாக அடிக்க வேண்டாம், கனெக்டருக்குள் போய்விடும். துணியால் துடைத்தால் போதும்.